சந்தனம் குடித்த பலகை

ஹாலிஎலயில் என் தச்சுப் பட்டறைக்கு வருகிறவர்கள் மெஷின் வாளைப் பார்ப்பதில்லை. சுவரில் சாய்த்து வைத்திருக்கும் பலகைக் குவியலைத்தான் பார்ப்பார்கள். "இதெல்லாம் விறகுக்கா?" என்று வேறு கேட்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். தேர்தல் முடிந்த பிறகு யாரும் தேடி வராத விளம்பரப் பலகை, போன் கடைக்காரர் பிடுங்கிப் போட்ட மேசைத் தட்டு, உடைந்த அலுமாரியின் முதுகு என்று ஒவ்வொன்றையும் நானே பார்த்துப் பொறுக்கி, பஸ்ஸில் கொண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு ஏற்றி வந்திருக்கிறேன். அத்தனையும் ஜிக் செய்வதற்கு.

ஜிக் என்றால் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. வாள் மேசைமேல் தள்ளிக்கொண்டு போக ஒரு தட்டு, அதன் ஒரு பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு சின்னப் பலகை, அவ்வளவுதான். மரத்தை அந்தப் பலகையில் முட்ட வைத்துத் தள்ளினால், எத்தனை துண்டு அறுத்தாலும் ஒரே நீளம். அளவுநாடாவைத் தொடவே வேண்டாம். இது விற்கிற சாமான் இல்லை, பட்டறைக்குள்ளேயே கிடந்து தேய்கிற சாமான். அதனால் இதற்கு நல்ல பலகை வாங்க எனக்கு மனசு வராது. போனில் வெளிநாட்டுக்காரர்கள் ஜிக் செய்து காட்டும்போது பார்த்திருக்கிறேன். அவர்கள் ஜிக்குக்கு வெட்டிப் போடுகிற ப்ளைவுட்டில் நான் ஒரு வீட்டுக்கே அலுமாரி செய்து கொடுப்பேன்.

போன வருஷம் என் மனைவி ஒரு வேலை பிடித்துக்கொண்டு வந்தாள். நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அதற்குப் புதுக் கட்டடம் கட்டி முடித்திருந்தார்கள். குழந்தைகள் உட்கார பிளாஸ்டிக் கதிரை இறக்கலாம் என்று ஆபீசில் பேச்சு வந்ததும், இவள் போய், "மரத்துல ஸ்டூல் செஞ்சு தாறோம் சார், எங்க வீட்டுக்காரரே செய்வாரு" என்று சொல்லிவிட்டாள். சரி, திங்கட்கிழமை திறப்பு, அதற்குள் இருபது ஸ்டூல் வரவேண்டும், வராவிட்டால் பிளாஸ்டிக்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் அதோடு நிற்கவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்குப் போய் அத்தனை தாய்மாரிடமும், "இனிமே ஒங்க புள்ளைங்க குளிர் சிமெந்துல குந்தாது" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இருபது ஸ்டூலுக்கு எண்பது கால். எண்பதும் ஒரே நீளமாக இருக்கவேண்டும். என் குவியலில் இருந்த ப்ளைவுட் எல்லாம் நெளிந்து கிடந்தது. சிப்போர்ட் துண்டில் ஆணி அடித்தால் உதிர்ந்தது. ஆகவே பதுளை பஜாரில் ஹார்ட்வெயார் வைத்திருக்கும் நானாவிடம் போனேன். கடைக்குப் பின்னால் வெட்டுத் துண்டுகள் போடுகிற மூலைக்கு, கேட்காமலே போகிற உரிமை எனக்கு உண்டு.

"எம்டிஎஃப் துண்டு ஒண்டு இருக்கு தம்பி. கண்ணாடி மாதிரி மட்டம். விலையும் ஒங்களுக்குப் புடிச்ச விலைதான்" என்றார் நானா. "ஆனா தண்ணியக் கண்டா ஊதிரும். அத மட்டும் பாத்துக்கங்க."

"என் பட்டறையில தண்ணிக்கு என்ன நானா வேலை?" என்று பெரிய மனுஷன் மாதிரி கேட்டுவிட்டு வந்தேன்.

மரத்தூளை அமுக்கிச் செய்த அந்த எம்டிஎஃப் பலகையில் ஜிக் அருமையாக அமைந்தது. சவுக்கு மரத்தில் கால்களை வரிசையாக அறுத்தேன். நாற்பது கால் அறுத்துச் சாக்கில் போட்டிருந்தபோது ஆயுத பூசை வந்தது. பட்டறையைக் கூட்டிக் கழுவி, வாள், இழைப்புளி, உளி எல்லாவற்றையும் துடைத்து, என் மனைவி சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கடைசியாக ஜிக்குக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எண்பது காலையும் பெக்கப் போறது இதுதானே" என்று சொல்லி, நிமிர்ந்து நிற்கும் அந்தச் சின்னப் பலகையின் நடுவில், கால் வந்து முட்டுகிற சரியான இடத்தில், எல்லாவற்றையும்விடப் பெரிய பொட்டாக அப்பினாள். அதன் தலைமேல் நனைந்த செவ்வந்திப் பூ ஒன்றை வைத்து, மஞ்சள் தண்ணீரையும் தாராளமாகத் தெளித்தாள். நானும் பயபக்தியோடு கும்பிட்டுக்கொண்டு நின்றேன். ஆயுதங்களை ஒருநாள் தொடக்கூடாது. வெளியே ஐப்பசி மழை வேறு விடாமல் பெய்துகொண்டிருந்தது. மறுநாள் பூவை எடுத்துவிட்டு, துணியால் ஒரு தட்டுத் தட்டி, மீதி நாற்பது காலையும் அறுத்து அதே சாக்கில் போட்டேன்.

வியாழக்கிழமை பின்னேரம் முதல் ஸ்டூலைப் பசை போடாமல் பொருத்தி நிறுத்திப் பார்த்தேன். ஆடியது. இரண்டாவதும் ஆடியது. மூன்றாவது சமர்த்தாக நின்றது. நான்காவது மறுபடி ஆடியது. தரை சரியில்லை என்று மேசைமேல் தூக்கி வைத்தேன், அங்கேயும் ஆடியது. வாளைத் திட்டினேன், மரத்தைத் திட்டினேன், மரம் தந்தவனையும் சேர்த்துத் திட்டினேன். வேலை முடிந்து வந்த மனைவி ஒரு ஸ்டூலில் கை வைத்து ஆட்டிப் பார்த்து, "என்னங்க, தொட்டிலா செய்றீங்க?" என்றாள்.

நான் கத்திவிட்டேன். "பூசைக்கு முந்தி எல்லாம் சரியாத்தான் வந்துச்சு. யாரு என் சாமானத் தொட்டது?"

"நான் பொட்டுதானே வச்சேன்" என்றாள்.

ஜிக்கை எடுத்து அந்தப் பலகையைத் தடவிப் பார்த்தேன். பொட்டு இருந்த இடம் வட்டமாகப் புடைத்திருந்தது. தண்ணீர் தலை வழியாக இறங்கி, சந்தனம் முன்பக்கம் ஊறி, எம்டிஎஃப் வயிறு முட்டக் குடித்திருந்தது. இரண்டு மில்லிமீற்றர் இருக்கும். அங்கே முட்டிய கால் அந்த அளவுக்குக் குட்டையாகத்தான் வரும். அவள் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். அப்படியே தரையில் குந்திக்கொண்டாள்.

"அந்தப் பொம்பளைங்க மொகத்துல எப்பிடிங்க முழிப்பேன்?" என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. புது மரம் வாங்கி அறுக்க நாள் இல்லை. எண்பது காலையும் கையால் அளந்து தேய்த்துச் சரிசெய்யலாம் என்றால், என் கை லட்சணம் எனக்குத் தெரியும்.

எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்றாவது பார்ப்போம் என்று, பொருத்திய கால்களையும் கழற்றி, சாக்கை மேசைமேல் கொட்டி, கால்களை வரிசையாக நிறுத்தினேன். பத்து, இருபது நிறுத்தியதும் எனக்கு ஏதோ பட்டது. வேகவேகமாக மீதியையும் நிறுத்தினேன். எண்பது காலிலும் இரண்டே உயரம்தான் இருந்தது. மூன்றாவது உயரம் என்று தேடினாலும் இல்லை. நாற்பது நெட்டை, நாற்பது குட்டை. ஜிக்குக்குத் தப்புச் செய்யத் தெரியும், மாற்றி மாற்றிச் செய்யத் தெரியாது. பூசைக்குப் பின்னால் அறுத்த ஒவ்வொரு காலிலும் அது ஒரே தப்பைத்தான் செய்திருந்தது. இரண்டையும் கலந்தது நான்.

குட்டைக் கால் நான்கை எடுத்து ஒரு ஸ்டூல் பொருத்தினேன். கல் மாதிரி நின்றது. அவளைக் கையைப் பிடித்து எழுப்பி அதில் உட்காரவைத்தேன். இந்தப் பக்கம் சாய்ந்தாள், அந்தப் பக்கம் சாய்ந்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அந்தப் பட்டறையில் அதற்கு முன்னால் வந்ததில்லை.

"குட்டையா இருக்கிறது ரெண்டு வயசுப் புள்ளைங்களுக்கு" என்று உடனே உத்தரவு போட்டாள். இரண்டு மில்லிமீற்றரில் என்ன ரெண்டு வயசு, நாலு வயசு என்று நான் வாயைத் திறக்கவில்லை. கால் உடைந்தால் எந்த அளவில் மாற்றுவது என்று தெரியவேண்டுமே. அதற்காகக் குட்டை ஸ்டூல்களைக் கவிழ்த்து, தட்டுக்கு அடியில் குங்குமத்தால் ஒரு புள்ளி வைத்து, மேலே வார்னிஷ் பூசினேன்.

திங்கட்கிழமை இருபது ஸ்டூலும் காம்பராவில் வரிசையாக நின்றன. தாய்மார் கொழுந்துக் கூடையோடு வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி உள்ளே வந்து, தன் மகள் உட்கார்ந்திருந்த ஸ்டூலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை. "நல்லா இருக்கு அக்கா" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு மலைக்குப் போனாள். என் மனைவி அன்று முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும், "இனிமே ஒங்க ஜிக்குப் பக்கமே நான் வரமாட்டேன்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது முள்ளாகத் தைத்தது.

அடுத்த வாரம் நானாவிடம் போய், தண்ணீருக்குப் பயப்படாத பலகை இருக்கிறதா என்று கேட்டேன்.

"எதுக்கு தம்பி, படகு செய்யவா?"

"பொட்டு வைக்க நானா."

கதையைச் சொன்னதும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கொங்கிரீட் போடும்போது அது காயும்வரை தாங்க அடியில் தட்டடிக்கிற, கறுப்புப் பூச்சுப் பூசிய ப்ளைவுட் இருக்கிறதல்லவா, கட்டட வேலையில் மிஞ்சிய அதில் ஒரு துண்டைத் தேடி எடுத்துத் தந்தார். மழையிலேயே கிடந்த பலகை, கொஞ்சமும் ஊதவில்லை. அதில் ஜிக் இரண்டு செய்தேன், ஒன்று நெட்டைக்கு, ஒன்று குட்டைக்கு. குட்டைக்கு அளவெடுக்கும்போது, பழைய ஜிக்கின் வீக்கத்தையும் சேர்த்தே அளந்தேன். வெட்டிய ஓரங்களில் மூன்று தரம் வார்னிஷ் பூசினேன்.

இந்த வருஷம் பூசைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தவள், சொன்னபடியே ஜிக்குகளை விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் பொட்டு வைத்தாள். பட்டறையில் அவை இரண்டு மட்டும் வெறும் நெற்றியோடு நின்றன. நான் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து, அவள் கண் முன்னால், இரண்டின் தலையிலும் ஊற்றினேன். அவள் பதறிக்கொண்டு ஓடிவந்து முந்தானையால் துடைத்தாள், விரலால் தடவிப் பார்த்தாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒனக்காகத்தான் இந்தப் பலகை" என்றேன். "தாராளமா வை."

போன வருஷத்தைவிடப் பெரிய பொட்டாக வைத்தாள்.