மருந்து டின்னில் வந்த கீழாநெல்லி

1979 ஆகஸ்டு 14, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து, மலேசியாவில் எங்கள் ஈப்போ வீட்டின் முன்பக்கத்தைப் பெருக்கி, கஞ்சி வைத்தேன். ஆறே காலுக்குக் கணவரின் சிறுநீர் நிறத்தை நோட்டில் குறித்தேன்: பால் விடாத தேநீர். மஞ்சள் காமாலை, ஆறாம் நாள். இரண்டு முறை சோப்புப் போட்டும் கையில் அந்த நாற்றம் போகவில்லை. ஆஸ்பத்திரி என்றாலே அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். கீழாநெல்லியை வேரோடு அரைத்து, நெல்லிக்காய் அளவு மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடித்தால் போதும் என்பார். எனக்கும் அந்தச் செடிமேல் நம்பிக்கை இருந்தது.

எட்டு மணி பஸ்ஸில் நாத்தனார் வந்தாள். கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் களைக்கொல்லி அடிப்பவள். துணி சுற்றிய டின்னில் தண்ணீர் விட்டு, கீழாநெல்லியை வாடாமல் கொண்டுவந்திருந்தாள்.

"மருந்து டின் அண்ணி. திருப்பிக் குடுத்துடுங்க."

மூலிகைக்கென்று தனி டின் வைத்திருக்கிறாள் என்று மெச்சிக்கொண்டேன். அரைத்து, மோரில் கலக்கி, டம்ளரைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, டின்னைக் கழுவத் துணியை அவிழ்த்தேன். சுரண்டியும் போகாத மண்டையோட்டுப் படம்.

அவர் வாய்க்குப் போகுமுன் டம்ளரைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினேன். நான் தோட்டத்தில் பிறந்தவள். களைக்கொல்லியையும் அங்கே மருந்து என்றுதான் சொல்வார்கள் என்று தெரியும். தெரிந்தும் மெச்சியிருக்கிறேன்.

"மூணு தடவ அலசுனது லா. நாங்க இதுலதான் குடிக்கத் தண்ணி கொண்டு போறோம்."

மீதிச் செடியைக் கையில் எடுத்தேன். "செடிய எங்க பிடுங்குன?"

"நாங்க மருந்தடிக்கிற ரப்பர் மர நிரையிலதான். போன மாசம் மருந்து அடிச்சமா, பழசெல்லாம் கருகி இப்பதான் பச்சுனு தளிர்த்து நிக்குது. அண்ணனுக்குன்னு எளசாப் பாத்துப் பிடுங்குனேன்."

"அவளே தண்ணி குடிக்கிறா, ஒன்னும் ஆவல. அரைச்சுக் குடு லா" என்றார் கணவர்.

"அவ நகத்தப் பாருங்க."

பார்த்தார். கறுத்து, ஓரங்கள் தூக்கி நின்றன. நாத்தனார் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அம்மியை நான்கு முறை கழுவினேன். ஒவ்வொரு முறையும் குழியிலிருந்து பச்சைச் சக்கை வந்தது. டின்னில் ஆணியால் ஓட்டை போட்டேன். "வேற டின்னுக்கு நான் எங்க போறது?" என்று அவள் முனகினாள். அன்று அவளை ஊருக்கு அனுப்பவில்லை. மூவரும் சோற்றைத் தொடவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு டாக்சி பிடித்தேன். கணவர் தானே சட்டையை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறி, தங்கைக்கும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.