முறிக்க வேண்டிய நோன்பு

டெக்சாஸின் ரிச்சர்ட்சன் நகரில் எங்கள் யூத சபை சிறியது, நூற்றுச் சொச்சம் குடும்பங்கள். நான் அதற்கு ரபியாக, அதாவது மதகுருவாக, வந்த ஐந்தாவது வருடம் நடந்தது இது. சென்னையில் பிறந்து, மேற்படிப்புக்கு டெக்சாஸ் வந்து, யூதக் குடும்பத்தில் மணமுடித்து, மதம் மாறி, பிறகு டெலிகாம் வேலையையும் விட்டுவிட்டு ரபி படிப்பு படித்தவள் நான். என்னை நியமிக்கலாமா என்று சபையில் கை தூக்கச் சொன்னபோது, மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கை தூக்கியிருந்தார். ரகசியமில்லை, எல்லோரும் பார்த்ததுதான்.

அவர் ஒருநாளும் என்னிடம் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. சனிக்கிழமை பிரார்த்தனைக்குத் தவறாமல் வருவார். என் ஹீப்ரு உச்சரிப்பு தப்பினால் முடிந்தபின் வந்து திருத்துவார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும்.

யோம் கிப்பூர் எங்கள் வருடத்தின் மிகப் புனிதமான நாள். ஒரு மாலையில் தொடங்கி மறுநாள் இருட்டும்வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பிருந்து, எல்லோரும் கூடி மன்னிப்புக் கேட்போம். ஆனால் உயிருக்கு ஆபத்தென்றால் நோன்பை முறித்தே ஆகவேண்டும். அது சலுகை அல்ல, கட்டளை. வருடாவருடம் இதை முந்தின வாரமே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுவேன். பெரியவருக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறார் என்பது எனக்குத் தெரியும். தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும். அந்தக் கட்டிய கைகள் நினைவுக்கு வரும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அன்று பிற்பகல் நாலு மணி இருக்கும். ஒரு பிரார்த்தனை முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். ஏசி ஓடும் கூடத்தில் அவர் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்ததை மேடையிலிருந்தே பார்த்தேன். மனைவி கோட்டைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை, சரிந்தார்.

நான் இறங்கி ஓடினேன். பின்வரிசையிலிருந்து என் தோழியும் ஓடிவந்தாள். பக்கத்து ஊரான ஆலனில் இருக்கும் தமிழ் டாக்டர் அவள்; இந்த நாளில் எனக்குத் துணையாக வருடாவருடம் ஒருமணி நேரமாவது வந்து உட்காருவாள். பெரியவரின் மனைவி கைப்பையிலிருந்து சுகர் மெஷினை எடுத்துக் கொடுத்தார். தோழி அவர் விரலில் குத்திப் பார்த்தாள். நாற்பத்தாறு.

"ரொம்ப இறங்கிடுச்சு. உடனே ஜூஸ் குடுக்கணும். இப்போ முழுங்குற அளவுக்கு நினைவு இருக்கு, டிலே பண்ணா அதுவும் போயிடும். யாரையாவது 911 கால் பண்ணச் சொல்லுடி."

சமையலறையிலிருந்து யாரோ திராட்சை ஜூஸ் கொண்டுவந்தார்கள். நான் முட்டிபோட்டு உட்கார்ந்து பேப்பர் கப்பை அவர் வாயருகே கொண்டுபோனேன்.

"குடிங்க. இது பாவமில்ல, குடிக்காம இருக்கறதுதான் பாவம். உங்க ரபியாச் சொல்றேன்."

அலைந்துகொண்டிருந்த அவர் கண்கள் என் முகத்தில் வந்து நின்றன. "நீ என் ரபி இல்ல. எங்கிருந்தோ வந்தவ. எங்க அப்பா ஒரு தடவைகூட இந்த நோன்பை முறிச்சதில்ல. உனக்கு என்ன தெரியும்?"

ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்று வித்தியாசம் கிடையாது. ஆனாலும் என் காதில் அது 'நீ' என்றுதான் விழுந்தது. அவர் கை கப்பைத் தட்டிவிட்டது. என் வெள்ளை அங்கி முழுக்க ஜூஸ்.

"மனசுல வெச்சுக்காதடி," என்றாள் தோழி தமிழில். "சுகர் இறங்கினா இப்படித்தான் பேசுவாங்க. இன்னொரு கப் எடு."

"இவங்க என்ன பாஷை பேசறாங்க?" என்று பெரியவர் தன் மனைவியிடம் கேட்டார்.

சொல்ல வேண்டிய சட்டமெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒன்றும் வாய்க்கு வரவில்லை. 'வேண்டாமென்றால் போகட்டும்' என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரு நொடிதான். ஆனால் வந்தது. பயந்துபோய் இரண்டாவது கப்பை அவர் மனைவியிடம் நீட்டினேன்.

அந்த அம்மா கணவரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சட்டம் எதுவும் பேசவில்லை. "நான் இன்னிக்குத் தனியா வீட்டுக்குப் போகமாட்டேன். வாயைத் திறங்க."

அவர் திறந்தார். ஒரு மிடறு, இன்னொரு மிடறு. கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது சர்க்கரை எண்பதைத் தாண்டியிருந்தது. இருந்தாலும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

கறையின்மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு கடைசிப் பிரார்த்தனையை நடத்தினேன். எங்கள் பாவ அறிக்கையில் 'நான்' கிடையாது. 'நாங்கள் தவறினோம்' என்றுதான் வரும். அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, நெஞ்சு நிறைய கோபத்தோடு அதைச் சொன்னேன். உயிர் பிழைத்தாரே என்ற நிம்மதி வீட்டுக்குப் போனபிறகுதான் வந்தது.

நாலு நாள் கழித்து, அடுத்து வரும் குடில் பண்டிகைக்காகப் பார்க்கிங்கில் மூங்கில் கட்டிக்கொண்டிருந்தோம். பெரியவர் வந்தார்.

"அன்னிக்கு நான் ஏதோ சொன்னேன்னு என் மனைவி சொல்றா. எனக்கு ஞாபகமில்ல. என்ன சொன்னேன்?"

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அவர் கீழே கிடந்த ஒரு மூங்கிலை எடுத்து ஓரமாகச் சாய்த்துவைத்தார். "சொன்னது ஞாபகமில்ல. ஆனா அப்படி நெனச்சதே இல்லன்னு சொன்னா, அது பொய். மன்னிச்சிடுங்க."

"உடனே மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரல. கொஞ்சநாள் குடுங்க," என்றேன். "என்மேலயும் தப்பிருக்கு. முன்னாடியே உங்களைக் கூப்பிட்டுப் பேசியிருக்கணும். பயந்துட்டேன்."

"என்கிட்டயா?" என்றார். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டதுபோல் இருந்தது.

அடுத்த வருடம் நோன்புக்கு ஒருவாரம் முன்னால் நானே அவர் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் மூவரும் உட்கார்ந்து பேசினோம். சில நிமிட இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க எங்கள் சட்டத்தில் வழி உண்டு. டாக்டரிடம் கேட்டு, அப்படிச் செய்வதாக ஒத்துக்கொண்டார். கிளம்பும்போது வாசலில் நின்று, மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். "சரி" என்றார். அவ்வளவுதான்.

அந்த யோம் கிப்பூரில் அவர் கூடத்துக்கு வெளியே, சுவரைப் பார்த்து நின்றபடி குடித்தார். மனைவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேடையில் பிரார்த்தனையை நடத்திக்கொண்டே, ஒவ்வொரு தடவையும் அவர் உள்ளே திரும்பி வருகிறாரா என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.