ஒரு கைதட்டலின் ஊர்

சனிக்கிழமை காலை 6.10. மதுரை மாட்டுத்தாவணியில் இராஜபாளையம் பேருந்தில் ஏறினேன். எண்பத்தைந்து கிலோமீட்டர், சீட்டு எழுபது ரூபாய். எதற்காகப் போகிறேன் என்பதில் அப்போது எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். எங்கள் ஊர்ச் சமுதாய வானொலியில் வாரம் அரை மணி நேரம் கறுப்பு அமெரிக்கர்களின் இசையைப் பற்றிப் பேசிவருகிறேன். பருத்திக் காட்டில் அடிமைகளாக உழைத்தவர்களின் பாட்டு தேவாலயத்துக்குள் போனது, மதுக்கடைக்கும் நடன அரங்குக்கும் போனது, பிறகு அதையே வெள்ளைப் பாடகர்கள் பாடியபோது நாடே அதைத் தன் பாட்டு என்றது. சுருக்கமாக இதுதான் என் நிகழ்ச்சி. செல்போனிலும் கேட்கலாம். யார் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இராஜபாளையத்தில் ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

அவள் பெயர் ஜெயசீலி. நூற்பாலைத் தொழிலாளி, தன் சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவள். போன வாரம் அழைத்து, "டீச்சர், நீங்க போட்ட பாட்டு மாதிரியே எங்க சபையில ஒண்ணு இருக்கு. இப்ப அதப் பாடக்கூடாதுங்கிறாவ. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்" என்றாள். பதிவையும் அனுப்பினாள். கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ஒருத்தி ஒரு வரி பாடுகிறாள், மற்றவர்கள் பதில் பாடுகிறார்கள். நாலு எண்ணினால் கைதட்டல் இரண்டிலும் நாலிலும் விழுகிறது. ஒரு ஸ்வரம் மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் நடுவில் வளைந்து நிற்கிறது. அமெரிக்கக் கறுப்புத் தேவாலயம் அப்படியே தமிழில்! யாரோ மிஷனரி கொண்டுவந்திருக்க வேண்டும். அவர் பெயரைக் கண்டுபிடித்தால் ஒரு புத்தகமே எழுதலாம். கிருஷ்ணன்கோவில் வரும்போது அந்தப் புத்தகத்தின் அட்டைவரை யோசித்துவிட்டேன்.

8.40. இராஜபாளையம் பேருந்து நிலையம். மேற்கே மலைமேல் மேகம் உட்கார்ந்திருந்தது. இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்த ஜெயசீலியின் முடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. நாற்பது வயது இருக்கும். மில்லில் வேலை பார்க்கிறவர்களைப் போலச் சத்தமாகத்தான் பேசினாள்.

"மெஷினு பக்கத்துல நின்னுதான் டீச்சர் பாடிப் பழகுனேன். எம்புட்டுக் கத்துனாலும் யாருக்கும் கேக்காது பாருங்க" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "நாளைக்கு அறுப்புப் பண்டிகை. அந்தப் பாட்டு இல்லன்னா நான் குழுவ விட்டே வெலகிருவேன். எங்கம்மா பாட்டு அது."

11.00. அவர்கள் கோயில் என்று சொல்லும் தேவாலயத்தில் சபைச் செயலர் தர்மராஜைச் சந்தித்தோம். மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. மேல்நாட்டு ஆட்டப் பாட்டு கோயிலுக்குள் வேண்டாம் என்பார் என்று நினைத்து, அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் சொன்னது வேறு.

"இது அமெரிக்காப் பாட்டுன்னு ஜெயசீலி சொல்லுதா. நீங்க படிச்சவங்க. ஆமான்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க, நாளைக்கே பாடட்டும். ஆனா எனக்கு என்னமோ இது கொட்டடி மாதிரி, சாவுக்கு அடிக்கிற கொட்டு மாதிரி கேக்கு. கொட்டடின்னா, நான் இருக்கவரைக்கும் இங்க கூடாது."

ஒரு கணம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அமெரிக்கா என்றால் சரி, ஊர் என்றால் கூடாதா? ஜெயசீலி கண்ணாலேயே 'எழுதுங்க' என்றாள். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் வரலாறு நடத்துகிறவளின் கை. தேதி போடுவதற்கு முன் கேள்விதான் வந்தது.

"உங்கம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

"அம்மாவுக்கு மம்சாபுரம். அங்க ஜெப வீட்டுல பாடுவாவளாம். மாடசாமின்னு ஒருத்தர் கூடத் தப்பு அடிப்பாராம். இப்ப சீவில்லிபுத்தூர்ல இருக்காரு."

தர்மராஜின் முகம் மாறியது. "அவன் எங்க சித்தப்பா மகன்தான். அவங்கிட்டயே போய்க் கேளுங்க" என்று எழுந்துகொண்டார்.

பிற்பகல் 1.50. நகரப் பேருந்தில் ஸ்ரீவில்லிபுத்தூர், பன்னிரண்டு கிலோமீட்டர். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வழியெல்லாம் ஜெயசீலி தூங்கிக்கொண்டு வந்தாள். கோபுரம் தெரிகிற ஒரு தெருவில், வைக்கோல் தீயில் தப்பு என்கிற பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார் மாடசாமி. சாயங்காலம் வன்னியம்பட்டியில் ஒரு சாவு வீட்டில் அடிக்கப் போக வேண்டுமாம். கொஞ்ச நேரம்தான் பேச முடியும் என்றார்.

ஜெயசீலி பாடினாள். இரண்டாவது வரிக்கே அவர் குச்சியை எடுத்துவிட்டார். இரண்டிலும் நாலிலும் அடி விழுந்தது. என் அமெரிக்கக் கைதட்டல் இருந்த இடத்தில், இம்மியும் விலகாமல்.

"இது நம்ம அடிதானாய்யா?" என்று கேட்டேன். குரல் எனக்கே இறங்கிக் கேட்டது. அட்டைவரை போட்ட புத்தகம் ஆயிற்றே.

"நம்ம அடிதான். ஆனா செத்த பொறுங்க. அப்ப எனக்கு இருவது வயசு. மம்சாபுரத்து ஜெபக் கூட்டத்துக்கு வெளிநாட்டுக்காரவிய வந்தாவ. அதுல ஒருத்தரு நல்ல கருத்த ஆளு. பக்கத்துக் கூமாப்பட்டிக்காரர் போலன்னு நெனச்சேன். வாயத் தொறந்தா இங்கிலீசு! அமெரிக்காக்காரராம்." மாடசாமி தீயைக் கிளறினார். "மத்தவிய எல்லாம் நாற்காலியில இருந்தாவ. அவரு வந்து எம்பக்கத்துல தரையில உக்காந்தாரு. நான் அடிச்சேன், அவரு கை தட்டுனாரு. அவரு தட்டுனாரு, நான் அடிச்சேன். பொழுது சாயுற வரைக்கும் இதே சோலி. பொறவு பொம்பளைய அந்தப் பாட்ட எடுத்தாவ."

"அப்படியென்றால், அவர் தட்டியதை நீங்கள் வாங்கிக்கொண்டீர்களா, நீங்கள் அடித்ததை அவர் வாங்கிக்கொண்டாரா?"

அவர் தப்பைத் திருப்பித் தீயில் காட்டினார். "அன்னைக்கு யாரும் கேக்கலியே தாயி. இப்பக் கேட்டா எப்படிச் சொல்ல?"

அந்த வெளிநாட்டவரின் பெயரும் அவருக்கு நினைவில்லை.

திரும்பும்போது ஜெயசீலி தூங்கவில்லை. "ஒரு கருப்பு அமெரிக்காக்காரர் வந்தது நெசம்தானே டீச்சர்? அவரு கொண்டாந்ததுன்னு சொல்லிருங்க. பொய்யில்லயே" என்றாள். பொய்யில்லைதான். உண்மையா என்றுதான் தெரியவில்லை. வானொலியில் வாராவாரம், ஒருவர் உண்டாக்கிய இசைக்கு இன்னொருவர் பெயரைப் போட்டார்கள் என்று கோபப்படுகிறவள் நான். மாடசாமி பெயரை அடித்துவிட்டு அமெரிக்கா என்று எழுதினால் நான் செய்வது என்ன? எழுதாவிட்டால், பாட்டையே அழித்தவள் ஆகிறேன்.

மாலை 5.00. சபைக் கமிட்டியில் ஐந்து பேர். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். முடிவில், எனக்குப் பிடித்தமான இடத்துக்கு வந்தேன்.

"அமெரிக்காவில் அடிமைகள் கொட்டு அடிக்கக் கூடாது என்று எஜமானர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். ஜனங்கள் கையையும் காலையும் கொட்டு ஆக்கிக்கொண்டார்கள். அந்தக் கைதட்டல்தான் இன்று உலகம் முழுவதும் ஆடுகிற பாட்டுக்கெல்லாம் அடி. இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். தப்பை வெளியே நிறுத்தினோம், அடி கை வழியாக உள்ளே வந்துவிட்டது."

வானொலியில் இதைச் சொன்னபோது ஒலிப்பதிவு செய்கிறவரே பாராட்டியிருக்கிறார். தர்மராஜ் பாராட்டவில்லை.

"அங்க பிடுங்குனாங்க. சரி. எங்கிட்ட யாரும் பிடுங்கல, டீச்சர். நானா கீழ வச்சேன்." குரல் உயரவே இல்லை. "எங்கப்பா ஊரார் சாவு வீட்டு வாசல்ல எல்லாம் ராப்பகலா அடிப்பாரு. ஒரு வாய் தண்ணி கேட்டா கையில ஊத்துவாவ, செம்பத் தொட விடமாட்டாவ. பதினாறு வயசுல நான் குச்சியக் கீழ போட்டுட்டு மில்லுக்கு வந்தேன். அந்தச் சத்தம் கேக்காத எடம்னுதான் இந்தக் கோயில்ல வந்து உக்காந்தேன். நீங்க என்னடான்னா அது ஒசந்த அடிங்கிறீங்க."

என்னிடம் இருந்த வரலாற்றில் இந்த மனிதருக்கு இடம் இருந்ததாக நினைவில்லை. ஜெயசீலி, "எங்கம்மா களை எடுத்துட்டு வந்து அதப் பாடித்தான்யா அழுதா. அது எங்க போவும்?" என்றாள். கடைசியில், பாடட்டும், கைதட்டாமல் பாடட்டும் என்று முடிவானது. வெளியே வந்ததும் ஜெயசீலி, "ஒரு வார்த்தைதான டீச்சர் கேட்டேன்" என்றாள். இரவு அவள் வீட்டில்தான் தங்கினேன். எனக்குப் பாய் விரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை 9.30. கோயில் முகப்பில் கரும்பும் வாழைத்தாரும் பூசணியும். ஜெயசீலி முதல் வரியை எடுத்தாள். பதினோரு பெண்கள் கைகளைக் கட்டிக்கொண்டு பதில் பாடினார்கள். தட்டல் விழ வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு நொடி மௌனம் விழுந்தது. யாரும் அதை நிரப்பவில்லை. எனக்கு அது கைதட்டலைவிடச் சத்தமாகக் கேட்டது. இரண்டாவது சரணத்தில் தர்மராஜ் எழுந்து வெளியே போனார். பாட்டு முடிந்து நான் வந்தபோது, வாசலில் செருப்பைப் போடாமல் நின்றுகொண்டிருந்தார்.

"மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

"அதெல்லாம் இல்ல." சாலையையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "அந்த அமெரிக்காவுல, என்னய மாதிரி கீழ வச்சவன் எவனாச்சும் இருக்கானா? இந்தப் பாட்டும் கூத்தும் எம்பிள்ளைக்கு வேண்டாம்னு சொன்னவன்?"

"இருந்தார்கள். நிறையப் பேர். பாடின பிள்ளையை வீட்டுக்குள் சேர்க்காதவர்கள்கூட உண்டு."

"அவியளப் பத்தி உங்க ரேடியோவுல பேசியிருக்கீங்களா?"

"இல்லை."

"பேசுங்க. நான் கேக்கேன்."

12.15. மதுரைப் பேருந்து. ஜெயசீலி ஏற்றிவிட வந்தாள். பாடகர் குழுவை விட்டு விலகவில்லையாம். அடுத்த மாதக் கமிட்டியில் மறுபடியும் கேட்கப்போகிறாளாம். "நீங்க வரவேண்டாம் டீச்சர், நானே பேசிக்கிறேன்" என்று சொல்லிக் கையை அசைத்தாள். கோபமா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

போகும்போது என்னிடம் ஒரு பதில் இருந்தது. வரும்போது என் மனதில் மூன்று பேர் இருந்தார்கள்: ஜெயசீலி, மாடசாமி, தர்மராஜ். மூன்று பேரும் சொன்னது உண்மை. அவை ஒன்றோடொன்று சேரவில்லை. திருமங்கலத்தில் நோட்டைத் திறந்து அடுத்த வாரத்து நிகழ்ச்சிக்கான குறிப்பை எழுதத் தொடங்கினேன். கொட்டு, பாட்டு இரண்டையும் வேண்டாமென்று கீழே வைத்தவர்களைப் பற்றி அரை மணி நேரம். முதல் பத்தி எளிதாக வந்தது. அதற்குக் கீழே, வழக்கம்போல, ஒலிபரப்ப வேண்டிய பாட்டின் பெயருக்காக 'பாட்டு' என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தேன். அவர்கள் பாடாமல் விட்டவர்கள். எந்த இசைத்தட்டிலும் அவர்கள் இல்லை. மதுரை வந்து எல்லாரும் இறங்கிய பிறகும், அந்த இரண்டு புள்ளிக்குப் பக்கத்தில் எதை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.