சாமியார் வண்டியின் சத்தம்

சோப்புக் கட்டியை எடுத்து அலுமினிய மூடியின் மேல் பட்டையாக ஒரு கோடு இழுக்கிறார் கொளஞ்சியப்பன். மூடியைக் கிடுக்கியில் பிடித்துக் கரி அடுப்பின் மேல் காட்டுகிறார். பார்வை மூடியின் மேல் இல்லை. சோப்புக் கோட்டின் மேல் இருக்கிறது. வெள்ளைக் கோடு மஞ்சளாகி, பழுப்பாகி, கறுத்ததும் சட்டென்று இறக்கி மரக்கட்டையின் மேல் வைத்து, நெளிந்த இடத்தைத் தட்டி நிமிர்த்தியபடி என்னிடம் சொல்கிறார்:

"இரும்பு ரோசக்காரன், பாப்பா. சூடு வச்சா செவந்து காட்டுவான். அலுமினியம் கமுக்கம். மூஞ்சியே மாறாது. இன்னும் கொஞ்சம் காட்டலாம்னு நெனைக்கறப்பவே கஞ்சியா ஊத்திடும். அதான் சோப்பு. சோப்பு கறுத்துச்சுன்னா போதும்டா நிறுத்துன்னு அர்த்தம்."

அந்தச் சோப்பு வேறெதற்கும் பயன்பட்டு ஆண்டிமடத்தில் யாரும் பார்த்ததில்லை. கொளஞ்சியப்பனின் கைகள் முழங்கை வரை எண்ணெயும் கரியும் ஏறி, பழைய தோல் பைபோல் இருக்கும். சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுவார். ராணுவப் பழக்கம் என்பார். அவர் மனைவி கலியம்மாள் வேறு மாதிரி சொல்வார்: "இந்த வூட்ல மோட்டாருதான் சோப்பு போட்டுக் குளிக்குது. மனுசன் குளிச்சு வருசக்கணக்காச்சு."

கடைத்தெரு முடிகிற இடத்தில் அவருடைய தகரக் கொட்டகை. யுத்தத்தின்போது ஈராக்கின் பஸ்ராவில் ராணுவப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். சைக்கிள், கிணற்று ஆயில் இஞ்சின், தையல் மிஷின் எதுவானாலும் முதலில் காதை வைத்துக் கேட்பார். பிறகு "நான் பஸ்ராவுல இருக்கறப்ப" என்று தொடங்குவார். அதன் பிறகுதான் திருப்புளி கைக்கு வரும். சைக்கிளுக்குச் செயின் மாற்றப் போன என்னையும் விட்டுவைக்கவில்லை.

"பஸ்ரா பாத்திருக்கியா?"

"இல்லீங்க."

"ரங்கூனு, பினாங்கு, கொழும்புன்னு அடுக்குன. பஸ்ரா பாக்காம என்னத்த ஊர் சுத்துன?"

அன்றிலிருந்து செயின் நன்றாக இருந்தாலும் நான் அங்கே போய்க்கொண்டிருக்கிறேன்.

அவருடைய வாடிக்கையில் ஒரே மோட்டார் சைக்கிள், நான் தங்கியிருக்கும் ஊரின் பங்குச் சாமியாருடையது. வரதராசன்பேட்டைக்கு அப்பால் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் அந்த ஊரின் பெயரை எழுத மாட்டேன். சித்தி வீட்டில் இன்னும் சில நாள் சோறு சாப்பிட வேண்டியிருக்கிறது.

ராணுவம் கழித்துப் போட்ட வண்டி அது. அதன் பிஸ்டன், அதாவது இஞ்சின் உருளைக்குள் மேலும் கீழும் ஓடுகிற, கவிழ்த்த டம்ளர் போன்ற அலுமினியத் துண்டு, இரண்டு பக்கமும் தேய்ந்து போயிருந்தது. தேய்ந்த பிஸ்டன் உருளைச் சுவரில் இப்படியும் அப்படியும் மோதும். சாமியார் ஓடையைத் தாண்டும்போதே டகடகவென்று ஊருக்குள் கேட்கும்.

அந்தச் சத்தத்தை ஊர் மிகவும் நேசித்தது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தபசு காலத்தில் சீட்டு ஆடக் கூடாது என்பது சாமியாரின் கட்டளை. முந்திரிக்கொட்டையைப் பந்தயம் வைத்து, தோப்பில் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் ஆடுவது ஊரின் வழக்கம். ஓடைப் பக்கம் டகடக கேட்டதும் சீட்டுக்கட்டு இடுப்புக்குள் போகும், ஜெபமாலை வெளியே வரும். "இந்த ஊர் ஆம்பிளைகள் தோப்பிலேகூட ஜெபம் செய்கிறார்கள்" என்று சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் புகழ்ந்தார். சாமியாருக்குக் கோயில் வேலைகளில் உதவும் உபதேசியார் சவரிமுத்து அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். ஆட்டத்தில் கெட்டிக்காரர் அவர்தான்.

இது எதுவும் கொளஞ்சியப்பனுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், அந்தச் சத்தம் தன் காதில் விழுந்தால் பல் கூசுகிறது என்பதுதான். புதுப் பிஸ்டனுக்கு மெட்ராஸில் கேட்டால் பம்பாய் என்றார்கள். பம்பாயில் கேட்டால் கப்பல் வரட்டும் என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கலியம்மாளின் அம்மியைக் கொத்த ஆள் வந்தது. வழுவழுப்பாகிப் போன கல்லில் உளியால் புள்ளி புள்ளியாகக் குழி போடுவதைக் கொளஞ்சியப்பன் எச்சில் விழுங்காமல் பார்த்தார். "எட்டிப் பாத்தாரேன்னு எனக்குப் பெருமையா இருந்துச்சு. அம்மிய நகத்தி வைக்கப் போறாருன்னு நெனச்சேன். எந்திரிச்சுக் கொட்டாய்க்கு ஓடிட்டாரு" என்கிறார் கலியம்மாள்.

கொட்டகையில் அவர் செய்தது இதுதான். முனை மழுங்கிய ஓர் ஆணியைச் சாணை பிடித்து, முனையை உருண்டையாக்கினார். பிஸ்டனுக்குள் மரக்கட்டையைச் செருகி, தேய்ந்த இரண்டு பக்கங்களிலும் அந்த ஆணியால் நெருக்கமாகக் குழி போட்டார். "கல்லுன்னா வெட்டணும். இது வெட்டக் கூடாது, அமுக்கணும். குழி உள்ள போனா சுத்தி மேடு எழும்பும். எழும்புன மேட்டப் பதமா அரத்துல தேய்ச்சா, தேஞ்சவன் திரும்பவும் தடிச்சிருவான். குழியில எண்ணெ தங்கும். எண்ணெ தங்குனா சீக்கிரம் தேய மாட்டான். புதுசு வந்தாலும் இவனுக்கு அப்புறந்தான்."

எண்ணெய் தடவி உருளைக்குள் விட்டார். தொப்பென்று விழவில்லை. தூக்கக் கலக்கத்தில் படி இறங்குகிறவனைப் போல் மெல்ல இறங்கியது. கொளஞ்சியப்பன் அதை மேலே எடுத்து மறுபடி விட்டார். மறுபடி எடுத்தார். அன்று கடைத்தெருவில் போன ஒருவரையும் அவர் சும்மா விடவில்லை. கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார். பால்காரர் இரண்டு தடவை பார்த்தார்.

வண்டி பூனைபோல் ஊர் திரும்பியது.

முதல் நாளே பாத்திமா மேரியின் கோழி சக்கரத்தில் விழுந்தது. டகடகவைக் கேட்டு ஒதுங்கிப் பழகிய கோழி அது. தபசு காலத்தில் செத்த கோழியை அந்த ஊரில் யார் தொடுவது? சாமியார் வருத்தத்தோடு அதைக் கொளஞ்சியப்பனுக்கு அனுப்பிவைத்தார். அவருக்குத் தபசும் இல்லை, தடையும் இல்லை. எடுத்துப்போன ஆள் குழம்பின் வாசனையை வெகு நேரம் முகர்ந்துவிட்டு வந்து ஊரில் விவரமாகச் சொன்னான்.

மறுநாள் தோப்பு. சாமியார் வண்டியை நிறுத்தி, இறங்கி, பின்னால் வந்து நின்ற பிறகுதான் உபதேசியார் நிமிர்ந்து பார்த்தார். கையில் ஜாக்கிச் சீட்டு இருந்தது. அந்த ஜாக்கியால் முடிந்திருக்க வேண்டிய ஆட்டம் இன்றுவரை முடியவில்லை. ஞாயிறு பூசை முழுக்க நான்கு பேர் கோயில் நடுவில் முழங்காலில் நின்றார்கள். பெண்கள் பக்கத்தில் எழுந்த இருமலை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

திங்கட்கிழமையிலிருந்து எங்கள் ஊர் சைக்கிள்களும் ஆயில் இஞ்சின்களும் ஜெயங்கொண்டத்துக்குப் போயின. கொளஞ்சியப்பனின் பிழைப்பில் பாதிக்கு மேல் எங்கள் ஊர்தான். கொட்டகையில் நானும் என் சைக்கிளும் மட்டும் இருந்தோம். "பாப்பா செயின் ஒண்ண வச்சு எத்தன நாளைக்கு ஒல வைக்கறது?" என்றார் கலியம்மாள், என் முகத்தைப் பார்த்தபடியே.

வெயில் தாழ்ந்த ஒரு நாள் உபதேசியார் மூன்று பேரோடு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"மேஸ்திரி, அத பழையபடி ஆக்கிருங்க."

"எத?"

"அதான், அந்தச் சத்தம்."

கொளஞ்சியப்பன் திருப்புளியைக் கீழே வைத்தார். "உபதேசியாரே, தீந்து போன சீக்க திரும்பக் குடுன்னு எந்த வைத்தியருகிட்டயாவது கேப்பீங்களா?"

"வைத்தியரு நோயாளிய மட்டும் பாக்கணும். ஊரக் கெடுக்கக் கூடாது."

"நான் எங்கய்யா ஊரக் கெடுத்தேன்? சீட்டு ஆடுனது நானா?"

"எங்க கோழியத் தின்னது நீங்கதானே?" என்றார் பின்னால் நின்றவர்.

உள்ளேயிருந்து கலியம்மாளின் குரல் வந்தது. "எலும்புதான் கெடக்கு. வேணும்னா எடுத்துட்டுப் போங்க!"

உபதேசியார் சிரிக்கவில்லை. "பெரிய வாரத்துக்குள்ள சத்தம் வரணும், மேஸ்திரி. இல்லாட்டி எங்கூரு ஆணி ஒண்ணுகூட இந்தக் கொட்டாய்க்கு வராது." சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். அவருடைய சைக்கிளே கிரீச்சிட்டது. எண்ணெய் விடச் சொல்லிக் கேட்க வாய் வராமல் போனார்.

அதன் பிறகு கொளஞ்சியப்பன் வாயில் பஸ்ரா வரவில்லை. "அந்தப் பிஸ்டன்ல நானே கை வைக்கறதா? பெத்த புள்ளைக்குக் காலு நொண்டியாவணும்னு கேக்கறானுவ" என்று ஒரு தடவை மட்டும் கரி அடுப்பிடம் சொன்னார்.

பெரிய வாரம் தொடங்கும் குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் சாமியார் செயின் தொய்வு என்று வந்தார். சற்று எட்ட, புளிய மரத்தடியில், உபதேசியாரும் அந்த மூவரும் தற்செயலாக நிற்பதுபோல் நின்றார்கள். கலியம்மாள் சாமியாரை நிழலில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். ஒரு செம்பு முடிந்ததும் கேட்காமலே இன்னொரு செம்பு வந்தது.

கொளஞ்சியப்பன் செயினை இழுத்துப் பூட்டினார். இஞ்சினின் மேல் கையை வைத்தார், எடுத்தார். பிறகு கழிவு டப்பாவைக் கிளறி ஒரு நட்டை எடுத்தார். வண்டியின் பக்கவாட்டில் இருந்த தகரச் சாமான் பெட்டியைத் திறந்து அதைப் போட்டு, பெட்டியை ஆட்டிக் காதை வைத்துக் கேட்டார். முகம் சுளித்தார். அதை எடுத்துவிட்டு இன்னும் பெரிதாக ஒன்றைப் போட்டுப் பார்த்தார். இரண்டாவது நட்டுக்குத் தலையை ஆட்டினார்.

சாமியார் வண்டியைக் கிளப்பி ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்தார். "என்ன கொளஞ்சியப்பா, லொடலொடன்னு ஏதோ ஆடுதே?"

"பெட்டி சாமி. பழைய தகரம். இஞ்சின்ல காத வச்சுக் கேளுங்க."

சாமியார் குனிந்து கேட்டார். இஞ்சின் தன் பாட்டுக்கு மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

"இஞ்சின் வெண்ணெயாட்டம் இருக்கு."

"இருக்குங்கல்ல?" என்றார் கொளஞ்சியப்பன், மரத்தடிக்கும் கேட்கும்படி. "பெட்டிய வேணா தட்டிக் குடுத்தர்றேன் சாமி."

சாமியார் பெட்டியைப் பார்த்தார். புளிய மரத்தைப் பார்த்தார். "வேண்டாம், ஆடட்டும். கோழிக்காவது கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். லொடலொடச் சத்தம் கடைத்தெரு தாண்டியும் கேட்டது. மரத்தடியில் நின்றவர்களில் ஒருவர் மடித்துக் கட்டிய வேட்டியைக் கீழே இறக்கிவிட்டார். உபதேசியார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொட்டகையை நோக்கி நடந்து வந்தார்.

கொளஞ்சியப்பன் அவருக்காகக் காத்திருக்கவில்லை. கரி அடுப்பின் ஓரத்திலிருந்த சோப்பை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போய், முழங்கை வரை நுரை பொங்க இரண்டு கைகளையும் கழுவிக்கொண்டார்.