இருவராகப் போட்ட டெண்டர்

எனக்குக் கல்யாணம் ஆனது இரண்டாயிரத்து நாலில். மாப்பிள்ளை காண்ட்ராக்டர் என்று சொல்லித்தான் பெண் கேட்டு வந்தார்கள். சிதம்பரத்தில் எங்கள் தெருவில் வாத்தியார் இருந்தார், நர்ஸ் இருந்தார், அண்ணாமலை நகரில் ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். காண்ட்ராக்டர் யாரும் இருந்ததில்லை. வீட்டில் எல்லோருக்கும் பெருமை.

புகுந்த வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அவர் பெயரில் பதிவு மட்டும்தான் இருந்தது. செய்ததெல்லாம் அடுத்தவர் எடுத்த வேலை. யாரோ டெண்டர் எடுத்த பள்ளிக்கூடக் கட்டடத்தை இவர் கூடவே நின்று கட்டிக் கொடுப்பார். திறப்பு விழாவில் மாலை அந்த யாரோவுக்கு விழும். சொந்தமாக டெண்டர் போடக் கூடாதா என்று கேட்டேன். போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார்.

அப்போதெல்லாம் டெண்டர் போடக் கடலூரில் அரசாங்க ஆபீசுக்கு நேரில் போக வேண்டும். வராந்தாவில் பூட்டிய பெட்டி ஒன்று இருக்கும். குறித்த நாளில் மூன்று மணிக்குள் உறையை அதற்குள் போட்டுவிட வேண்டும். காலை பஸ்ஸில் கிளம்பிப் போவார். சாயங்காலம் வந்து, "இன்னிக்கு ஆவல" என்பார். அதற்குமேல் பேச்சு கிடையாது. ஒரு முறை சட்டைப் பை கிழிந்து தொங்கியது. பஸ்ஸில் கூட்டம் என்றார். கையில் கொண்டுபோன உறையும் கிழிந்திருந்தது. நான் ஒன்றும் கேட்காமல் சட்டையைத் தைத்துக் கொடுத்தேன்.

நாத்தனார் வீட்டுக்காரர் வந்திருந்தபோது விஷயத்தைச் சொன்னார். ஆபீஸ் கேட்டுக்கு வெளியே ஆட்கள் நிற்பார்களாம். இந்த வேலை இன்னாருக்கு என்று முன்பே பேசி முடித்திருப்பார்கள். மற்ற காண்ட்ராக்டர்களை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இவருக்கு அந்த டீயும் கிடையாது. எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு, போய் மேஸ்திரி வேலையைப் பார் என்பார்களாம். அன்று என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தபோது என்னால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சில வருஷம் கழித்து, இனி டெண்டரைக் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. கடலூரில் அதற்கு வகுப்பு நடத்தினார்கள். இவரும் போனார். திரும்பி வந்ததும் சோறு இறங்கவில்லை.

"பெட்டியாவது கண்ணுல தெரிஞ்சுது. இது எங்க இருக்குதுன்னே தெரியல" என்றார். 

நான் பி.காம். படித்தவள். டைப்பிங் லோயர் பாஸ் செய்திருந்தேன். இரண்டும் பெட்டியில் சான்றிதழாகக் கிடந்தன. நான் கற்றுக்கொள்கிறேன் என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மறுநாள் வண்டியில் உட்கார வைத்து அண்ணாமலை நகரில் ஒரு பிரவுசிங் சென்டரில் கொண்டுபோய் விட்டார்.

உள்ளே எல்லாம் பல்கலைக்கழகப் பிள்ளைகள். புராஜெக்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் நான், புடவையோடு. கொஞ்ச நாள் அவர் வெளியே வண்டிமேலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு கதவருகில் நின்றார். பிறகு எனக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். கம்ப்யூட்டரில் டெண்டர் போடத் தேவையான டிஜிட்டல் கையெழுத்து வந்த அன்று, பென் டிரைவ் மாதிரி இருந்த அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கையெழுத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

முதல் டெண்டர் போகவில்லை. கடைசி நாள்வரை தாமதித்தது தப்பு. பாதி ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. யூ.பி.எஸ். கொஞ்ச நேரம் கத்திவிட்டு அதுவும் அடங்கியது. மூன்று மணி தாண்டிப் போய்விட்டது. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார்.

"அழுவாத. கரண்டு எல்லாருக்குந்தான் போவுது" என்றார். வருஷக்கணக்கில் கேட்டில் நின்று திரும்பியவர் சொன்னதால் அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அடுத்தது ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் ஓர் அங்கன்வாடி கட்டடம். இந்த முறை முன்கூட்டியே உட்கார்ந்தோம். மணல் எங்கிருந்து வரும், ஜல்லிக்கு வண்டி வாடகை, கம்பி, செங்கல், ஆள் கூலி என்று அவர் சொல்லச் சொல்ல நான் கூட்டிக்கொண்டு வந்தேன். தன் விலை என்ன என்று அதுவரை அவரை யாரும் கேட்டதில்லை. எல்லாம் முடிந்தது என்றார்.

"உங்க கூலி எங்க?" என்றேன்.

வேலை கிடைத்தால் போதும் என்ற பயத்தில் தனக்கென்று எதுவும் வைக்கவில்லை. "நீயே போடு" என்றார். போட்டேன்.

டெண்டர் போடும் கெடு முடிந்த பிறகு வீட்டுக்கு ஒரு போன் வந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். பேசியவர் பெயர் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். அந்த வேலையை வேறொருத்தர் கேட்கிறார், வீட்டுக்காரரைக் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளச் சொல்லுமா என்றார்.

"தேதி முடிஞ்சிடிச்சுண்ணா. இனிமே எடுக்க முடியாது. விலை போட்டதும் நான்தான்" என்றேன். பேசியவர் போனை வைத்துவிட்டார்.

விலைகளைத் திறக்கும் நாளில் என் வீட்டுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் பெயர்கள் வரிசையாக வந்தன. எங்களுடையதுதான் குறைந்த விலை. அவர் தன் பெயரை எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாக, சத்தமாகப் படித்தார். தமிழும் இங்கிலீஷும் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்தான்.

பிறகு எல்லா வேலையும் எங்களுக்கு வந்துவிடவில்லை. கேட்டில் நின்றவர்களும் கம்ப்யூட்டருக்கு ஆள் வைத்துக்கொண்டார்கள். போனிலேயே பேசி முடித்த வேலைகளும் உண்டு. சிலது கிடைத்தது, சிலது போனது. ஆனால் இப்போது உறையும் இல்லை, அவரை வழியில் நிறுத்த ஆளும் இல்லை.

அந்த முதல் அங்கன்வாடிக்குத் தளம் போட்ட மறுநாள் என்னையும் அழைத்துப் போனார். அதற்குமுன் நான் எந்த வேலையிடத்துக்கும் போனதில்லை. தளத்தில் தண்ணீர் கட்டியிருந்தார்கள். ஓரங்களில் சொட்டிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் வந்து ஒரு விலையைப் பற்றி ஏதோ கேட்டார்.

"கணக்கெல்லாம் எங்க வூட்ல பாத்தது சார். அவுங்களையே கேளுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

அதுவரை அவர் வாயில் நான் 'அவ'தான். இன்ஜினியர் என் பக்கம் திரும்பினார். நான் தலைப்பைச் சரி செய்துகொண்டு, ஜல்லிக்கு வண்டி வாடகையிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.