நெயில் பாலிஷ் பூசிய கார்

இன்று காலை மனைவி நகத்தில் இருந்த பாலிஷைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எழுந்து போய் அலமாரியிலிருந்து என் காரை எடுத்து வந்தேன். உள்ளங்கையில் அடங்கும் கார்தான். எனக்குக் கல்யாணம் நின்றுபோக இருந்தது இதனால்தான், நடந்ததும் இதனால்தான்.

அப்போது நான் எங்கள் தீவில் டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் தனியாக அறை எடுத்துத் தங்கி, அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். வேலை விட்டால் பொம்மைக் கார்தான். உலோகக் காரின் அடியில் ரிவெட்டைக் குடைந்து பிரிப்பேன். பழைய பெயின்ட்டைச் சுரண்டி, கூரையை அறுத்துத் தாழ்த்தி, பின்னால் பெரிய சக்கரம் மாட்டி, மூடியில்லாமல் இன்ஜின் வெளியே தெரிகிற மாதிரி செய்வேன். ஹாட் ராட் என்பார்கள். புகைக்குழாய்க்குப் பேனா ரீஃபில், விளக்குக்குப் பாசிமணி. இருபத்தாறு வயது ஆளுக்கு இது தேவையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்துவிட்டு அடுத்த காரைப் பிரிப்பேன்.

பெயின்ட்தான் பாடாய்ப் படுத்தியது. ஸ்ப்ரே டின்னை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். மெயின்லேண்டிலிருந்து கப்பல் வர வேண்டும். அது தன் இஷ்டத்துக்குத்தான் வரும். அதனால் அபர்டீன் பஜாரில் பாயின் ஃபேன்சி கடையில் நெயில் பாலிஷாக வாங்கிக் குவித்தேன்.

"அரே தம்பி, இத்னா பாலிஷ், இவ்வளவும் யாருக்கு?" என்றார் பாய்.

பொம்மைக்கு என்று சொல்ல வெட்கம். "வீட்டுக்குத்தான் பாய்" என்றேன். நான் தனிக்கட்டை என்பது அவருக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் வடக்கே மாயாபந்தர் என்ற ஊரில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். அங்கிருந்து சாமான் வாங்க வருகிறவர்கள், மாப்பிள்ளை எப்படி என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். பெண்ணின் அப்பாவும் கேட்டார். பாய் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

மறுநாள் பெண்ணின் அப்பாவிடமிருந்து போன். "தம்பி, உங்க வீட்ல ஏற்கெனவே ஒரு பொண்ணு இருக்காமே. இது சரிப்படாது."

போட்டோவில் பார்த்த முகம் அதற்குள் மனசில் ஒட்டிக்கொண்டிருந்தது. அழுகையே வந்துவிட்டது. விடிந்ததும் பஸ் ஏறினேன். நாளெல்லாம் காட்டு ரோடு, மடியில் காரும் ஏழு பாலிஷ் சீசாவும்.

எல்லாவற்றையும் அவர் முன்னால் மேஜையில் வைத்தேன். காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கா?"

"இதுக்குத்தான் மாமா."

உள்ளே யாரோ சிரித்தார்கள். சிரித்தபடியே வெளியே வந்தது போட்டோவில் இருந்தவள். காரை எடுத்து, கதவில் நான் வரைந்திருந்த சிவப்புத் தீயைப் பார்த்தாள்.

"நெருப்புன்னா ஓரத்துல மஞ்சள் வேணாமா?"

உள்ளே போய்த் தன்னுடைய மஞ்சள் பாலிஷை எடுத்துவந்து, ஈர்க்குச்சியால் ஒவ்வொரு தீநாக்குக்கும் ஓரம் இழுத்தாள். ஒரு சொட்டுகூட வெளியே வழியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த மாமா, "டீ போடுங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

பாய் கடை இருந்த இடத்தில் இன்று மொபைல் கவர் விற்கிறார்கள். மாப்பிள்ளையைப் பற்றி யாரும் கடைப்படி ஏறிக் கேட்பதில்லை, போனிலேயே துழாவிவிடுகிறார்கள். நல்லதுதான், என்னைப் போன்றவர்களுக்குப் பஸ் செலவு மிச்சம்.

காரின் கதவில் மஞ்சள் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது. "குடுங்க, பூசித் தரேன்" என்று புது சீசாவோடு வந்தாள் மனைவி. வேண்டாம் என்று காரைக் கைக்குள் மூடிக்கொண்டேன். அந்த மஞ்சள் இப்போது எந்தக் கப்பலிலும் வருவதில்லை.