தூக்கி இருத்துவதற்கு ஒரு விலை

கொன்ஸ்ரன்ஸ் அன்ரி கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கப்பல் கம்பெனியில் ரைப்பிஸ்ற்றாக வேலை செய்தார். கலியாணம் செய்யவில்லை, தாயைக் கடைசிவரை பார்த்தார். தாய் போன பிறகு ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. தங்கையின் மகன் நிக்கலஸ் அவரை வெள்ளவத்தையில், கடல்பக்கம் இறங்கும் ஒழுங்கையிலிருந்த முதியோர் இல்லத்தில் கொண்டுவந்து சேர்த்தான். நான் அங்கே சமையலறையில் இருந்தேன்.

அவரால் தானாக எழும்ப முடியாது. இரண்டு பேர் வேண்டும். தலைப்பக்கம் பராமரிப்பு வேலைக்கு இருந்த இராமலெட்சுமி, கால்பக்கம் நான். பின்னேரத் தேநீர் முடிந்ததும் அவரைத் தூக்கி முன்விறாந்தைக் கதிரையில் இருத்துவோம். ஒழுங்கையில் போகிற எல்லோரும் அவருக்கு உறவு.

"ஹாஷிம், நேற்றுத் தந்த மீன் எப்ப பிடிச்சது? போன நத்தார்ப் பண்டிகைக்கோ?"

"ஒங்கட மூக்குக்கு எல்லா மீனும் நாறும்தானே அன்ரி!" என்று சைக்கிளை நிறுத்தாமலே மீன்காரர் கத்திவிட்டுப் போவார்.

இருட்டுகிற வரைக்கும் அப்படி இருப்பார். கட்டிலில் கிடக்கிற மிச்ச நேரத்தை அதை வைத்துத்தான் தள்ளுகிறேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அது யுத்த காலம். ஒழுங்கை முனையில் சோதனைச் சாவடி. இல்லத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் பொலிஸ் பதிவு வேண்டும். எழும்ப முடியாதவர்கள்கூட அடையாள அட்டையைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் படுப்பார்கள்.

ஒருநாள் இல்லத்தின் செயலாளர் வந்து, கட்டணம் மாறப்போகிறது என்று சொன்னார். அதுவரை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். இனிக் கட்டிலுக்கு வேறு, சாப்பாட்டுக்கு வேறு, குளிப்பாட்ட வேறு, தூக்கி இருத்த ஒவ்வொரு முறைக்கும் வேறு. முடிவெடுக்க முன்பு எல்லோருடைய கருத்தையும் கேட்பார்களாம். நியாயமாக இருக்க வேண்டும் என்று வெளியிலிருந்து ஒரு சிங்களவரைக் கூப்பிட்டிருந்தார்கள். இருக்கிறவர்கள், சொந்தக்காரர், அக்கம்பக்கத்தார், யாரும் வந்து பேசலாம்.

"நீங்கதான் பேசணும் மிஸி," என்றாள் இராமலெட்சுமி அன்ரியிடம். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். "நாங்க வாயத் தொறந்தா அன்னைக்கே பொட்டியக் கட்டச் சொல்லிருவாங்க."

"பேசாமல் விடுவனோ? சோத்துக்கு விலை வைக்கட்டும், மருந்துக்கு வைக்கட்டும். மனுசரை எழுப்பி இருத்திறதுக்கும் விலையோ? விட்டால் பூசையில எழும்பி நிக்கிறதுக்கும் உண்டியல் குலுக்குவாங்கள்."

அந்தக் கிழமை முழுக்க அவர் கட்டிலில் கிடந்தபடி சிங்களத்தில் பேசிப் பழகினார். சொல்லத் தடுமாறிய இடங்களில் இராமலெட்சுமி சிரித்தால், "சிரியாதையடி, நான் கம்பெனியில வெள்ளைக்காரனையே மறிச்சுக் கதைச்சனான்," என்பார். அவர் பேசுவார் என்ற தைரியத்தில் மற்றவர்கள் ஒன்றும் யோசிக்கவில்லை.

கூட்டத்தன்று சொந்தக்காரர் அதிகம் வரவில்லை. நிக்கலஸுக்கு லீவு கிடைக்கவில்லை. எல்லோரையும் பெரிய அறையில் இருத்தினோம். கருத்துக் கேட்க வந்தவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கட்டையாக வெட்டிய தலைமயிர், உள்ளே விட்ட சேர்ட், கக்கத்தில் ஃபைல். அவர் உள்ளே வந்ததும் யாரோ கேற்றைச் சாத்தினார்கள். அவர் முன்வரிசையில் இருந்த பூபாலசிங்கம் ஐயாவிடம் குனிந்து, சிங்களத்தில் மெதுவாகப் பெயரைக் கேட்டார். சொந்த ஊர் எது என்றார். எவ்வளவு காலமாக இங்கே என்றார்.

ஐயா சேர்ட் பொக்கற்றிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அதைப் பார்த்ததும் பின்னால் இருந்தவர்களின் கைகளும் சட்டைக்குள்ளும் சீலை மடிப்புக்குள்ளும் போயின. வந்தவர் கையை ஆட்டி, அட்டை வேண்டாம் என்று சிரித்தார். ஒருவரும் அதைத் திரும்ப உள்ளே வைக்கவில்லை.

"ப்ரஷ்ணயக் தியெனவத?" ஏதும் பிரச்சினை இருக்கிறதா என்று கேட்டார்.

"நே மாத்தயா," என்றார் ஐயா. இல்லை.

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். பொலிஸ் சுற்றிவளைப்பில் வாசலுக்கு வந்து கேட்பவர்களுக்கு வருசக்கணக்காக நாங்கள் எல்லோரும் சொல்லிவந்த பதில் அதுதான். வேறு ஏதும் சொன்னால் இரண்டாவது கேள்வி வரும்.

நான் கதவருகில் நின்று கொன்ஸ்ரன்ஸ் அன்ரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு சுற்றிவளைப்பில், பக்கத்து வீட்டுப் பெடியனை ஏன் ஏற்றுகிறீர்கள் என்று கேட்டதற்கு அவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், பொழுதுபடும்வரை பொலிஸ் ஸ்ரேசன் வாங்கில் இருத்தி வைத்தார்கள். "முன் சீற் கேட்டனான், தரேல்லை," என்று அதைப் பகிடியாகத்தான் எங்களுக்குச் சொல்வார். தாய் அன்று முழுக்கத் தனியே நனைந்த படுக்கையில் கிடந்ததை ஒருமுறைதான் சொன்னார்.

அவருடைய முறை வந்தது. அட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"நே மாத்தயா. ஒக்கொம ஹொந்தாய்." எல்லாம் நல்லது என்றார்.

வந்தவர் போகவில்லை. பயப்படாமல் சொல்லுங்கள் என்று இன்னொருமுறை கேட்டார். அட்டைகள் இன்னும் கொஞ்சம் முன்னால் நீண்டன.

"என்ன மிஸி இப்பிடிப் பண்ணிட்டீங்க?" கட்டிலில் கிடத்தும்போது இராமலெட்சுமிக்கு அழுகை வந்துவிட்டது.

"ஃபைலோட வந்து பேரும் ஊரும் கேட்டால் எனக்கு வேற என்ன வரும் பிள்ளை? வாய் தன்ரபாட்டில சொல்லிப்போட்டுது."

அடுத்த நாள் அன்ரி செயலாளரைக் கூப்பிட்டு, எனக்குச் சொல்ல இருக்கிறது என்றார்.

"கேக்கத்தானே அன்ரி ஆளைக் கூப்பிட்டது? ஒருத்தரும் எதிர்க்கேல்லை. நிர்வாக சபையும் முடிவெடுத்திட்டுது."

"அப்ப எனக்குப் பயம் வந்திட்டுது."

"உங்களுக்கோ? பயமோ?" செயலாளர் உண்மையாகவே சிரித்தார்.

நிக்கலஸ் ரெலிபோனில், காலையில் குளிக்க ஒருமுறை தூக்குவதற்கு மட்டும் தன்னால் காசு கட்ட முடியும் என்றான். இல்லையென்றால் பாமன்கடையில் தங்கள் மூன்றாம் மாடி ஃபிளற்றுக்கு வரலாம். அவனும் மனைவியும் வேலைக்குப் போகும்போது கதவைப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்றான். அன்ரி இங்கேயே இருக்கிறேன் என்றார். பின்னேர விறாந்தை நின்றுபோயிற்று.

ஒரு பின்னேரம் இராமலெட்சுமி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். "ஆபீஸ்ல ஆளில்ல மிஸி. சட்டுன்னு தூக்கிருவோம், வாங்க." கையை அவருடைய கக்கத்துக்குள் கொடுத்தும்விட்டாள்.

"விடடி. உன்ர பொலிஸ் பதிவு இந்த விலாசத்தில. இங்கயிருந்து கலைச்சால் எந்த வீட்டுக்காரர் உன்னை வைச்சிருப்பினம்? செக்பொயின்ற்றில என்னத்தைக் காட்டுவாய்?"

அவள் கையை எடுக்கவில்லை. தூக்கவுமில்லை. நான் கால்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். வெளியே மீன்காரரின் மணி கேட்டது, போய்விட்டது.

"கட்டிலைத் திருப்பிப் போடுங்கோ," என்றார் அன்ரி. "அதுக்கு விலை சொல்லேல்லைத்தானே?"

இரண்டு பேரும் கட்டிலை இழுத்து, தலைமாட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பினோம். அங்கேயிருந்து பார்த்தால் கதவிடுக்கால் கம்பிக் கேற்றின் கீழ்ப்பாதி தெரியும். அதற்கு வெளியே போகிறவர்களின் கால்கள் தெரியும். அவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒருவரையும் கூப்பிடவில்லை.